அண்ணன் வீட்டின் நீள அகலம்

தக்சாயினி குடியிருந்த வீட்டை விற்றுக் கொடுத்தது அவளுடைய இங்கிலீஸ்தான். இப்படி நான் சொன்னால் அவளுக்குக் கோபம் வராது, எனக்குத்தான் வரும். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதைச் சொல்லத் தொடங்குகிறேன். இடைக்கிடை யாரையாவது திட்டிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் யோசப்பின். நெல்லியடிச் சந்தைக்குப் பின்பக்கமாக எனக்கும் என் கணவர் அடைக்கலநாதனுக்கும் ஒரு பழைய மரச்சாமான் கடை இருக்கிறது. இடிக்கிற வீடுகளில் கதவு, ஜன்னல், பெட்டகம், அலுமாரி என்று வாங்குவோம். திருத்தி மெருகு போட்டுத் தெற்கே விடுதிகளுக்கும், வெளிநாட்டிலிருந்து வந்து வீடு கட்டுகிறவர்களுக்கும் விற்போம். முன்பெல்லாம் ஆட்கள் நேரே வந்து தட்டிப் பார்த்து வாங்கினார்கள். இப்போது போனில் படம் போட வேண்டும், படத்துக்குக் கீழே இங்கிலீஸில் அளவு எழுத வேண்டும்.

அந்த இங்கிலீஸில்தான் முதலில் அடிபட்டோம். என் மனுசன் உலகத்துச் சாமான் எல்லாவற்றையும் நீளம், அகலம், உயரம் என்ற மூன்று சொல்லுக்குள் அடக்கிவிடுவார். தெற்கே காலி நகரில் ஒரு விடுதிக்காரர் சுவரில் இடம் விட்டுக் கட்டி, அதற்குள் வைக்க எங்களிடம் ஓர் அலுமாரி எடுத்தார். இவர் அகலம் என்று எழுதியது அலுமாரியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும். அவர் விளங்கிக்கொண்டதோ இரண்டு கதவும் சேர்ந்த முகப்பின் அளவு. அலுமாரி காலி வரைக்கும் போய்ச் சுவருக்குள் நுழைய மாட்டேன் என்று நின்று, போன லொறியிலேயே திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் தக்சாயினியைப் பிடித்தோம். கரவெட்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கைக்குள் வீடு. நாற்பதைத் தாண்டியவள், தனியாள். இங்கிலீஸ் டிப்ளோமா முடித்துக் கொஞ்சக் காலம் ஒரு கந்தோரில் வேலை பார்த்தவள், தாய் படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டாள். வீட்டிலிருந்தே எழுதித் தரலாம் என்றதும் ஓம் என்றாள்.

முதல் நாள் கடைக்கு வந்தவள் அலுமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இஞ்சை அத்தான், ஒரு சாமானிலை எந்தப் பக்கம் எங்களைப் பாத்துக்கொண்டு நிக்குதெண்டு முதல் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

எங்களைப் பார்க்கிற முகத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் வித். முகத்திலிருந்து முதுகு வரைக்கும் டெப்த். அலுமாரிக்கும் ஆழம் உண்டென்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆழமென்றால் கிணறும் கடலும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம்.

என் மனுசன் நல்ல ஆகிருதியான ஆள். சும்மா இருப்பாரா? "அப்ப என்னை என்னெண்டு எழுதுவாய் பிள்ளை?" என்றார்.

"தோளுக்கெண்டால் புரோட், அகண்ட தோள் எண்டு மரியாதையா எழுதுவன் அத்தான். வயித்தைப் பற்றி அக்காவிட்டைத்தான் கேக்கவேணும்."

அவள் அப்படித்தான். மெல்லிய ஆள், கதைப்பதும் மெதுவாகத்தான், ஆனால் சிரித்துக்கொண்டே குத்திவிடுவாள். வேலையில் மட்டும் விளையாட்டில்லை. ஒரு ஜன்னலுக்கு அரை நாள் எடுத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஹை என்று எழுதினால் ஜன்னல் நிலத்திலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்றாகிவிடுமாம். டோல் என்று எழுதினால்தான் ஜன்னலே நெடிது என்றாகுமாம். கழற்றிச் சுவரில் சாத்தி வைத்த ஜன்னலுக்கு ஹை எப்படிப் பொருந்தும் என்று என்னிடம் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? ஒரு சொல்லுக்கு அரை நாளோ என்று பொறுமையிழந்து கேட்டேன்.

"தொட்டுப் பாக்கேலாத ஆளுக்குச் சொல்லுத்தானே அக்கா கை" என்றாள்.

அவள் எழுதத் தொடங்கிய பிறகு ஒரு சாமானும் திரும்பி வரவில்லை.

இனி அந்த வீட்டுக் கதைக்கு வருகிறேன். அது அவளுடைய தாய் மீனாம்பிகைக்குச் சீதனமாக வந்த வீடு. எங்கள் பக்கத்து வழக்கப்படி தாயின் சீதனம் மகளுக்குத்தான். அதில் யாருக்கும் மறுகதை இருந்ததில்லை. ஆனால் தமையன் கேதீஸ்வரன், சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் கனடாவுக்கு விசாக் கேட்டபோது, உன் பெயரில் ஒரு துண்டுக் காணியும் இல்லை, போனால் திரும்பி வரமாட்டாய் என்று மறுத்துவிட்டார்கள். உடனே தாய் நொத்தாரிசிடம் போய் வீட்டை மகன் பெயரில் எழுதினார். தூதரகத்துக்குக் காட்டுவதற்கு மட்டும். அவன் போய்ச் சேர்ந்ததும் தங்கச்சியின் பெயருக்குத் திருப்பி எழுதுவான் என்பது பேச்சு. இதை ஊரில் எத்தனையோ வீட்டில் செய்தார்கள். எங்கள் சனத்தைத் தவிர வேறு யாரும் இப்படியொரு புத்திசாலித்தனமான முட்டாள்வேலையைச் செய்வார்களோ தெரியாது.

அவன் போனான். திரும்பி வரவில்லை, வீட்டைத் திருப்பி எழுதவுமில்லை. அளவெட்டியிலிருந்து தக்சாயினிக்கு ஒரு நல்ல சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வீட்டின் உரிமைப் பத்திரமான உறுதியைப் பார்க்கக் கேட்டார்கள். உறுதியில் தமையன் பெயர் இருந்தது. அவனைக் கேட்டதற்கு, இங்கே தங்குவதற்கான என்னுடைய பத்திரங்கள் சரிவரட்டும், வந்து எழுதுகிறேன் என்றான். அவர்கள் கொஞ்சக் காலம் பார்த்துவிட்டு வேறு இடத்தில் செய்துவிட்டார்கள். அப்போதாவது அவனை நெருக்கி எழுதுவித்திருக்கலாம். நான் அவளைப் பிடித்து ஏசினேன்.

"அக்கா, அண்ணாவிட்டை உறுதியைத் தாங்கோ எண்டு கேட்டால், உங்களை நம்பேல்லை எண்டு சொல்லுறமாதிரித்தானே?" என்றாள்.

தாய் செத்தபோது வந்தான். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுப் பந்தியில், சொந்தக்காரர் எல்லோருக்கும் கேட்க, "வீடு தங்கச்சியின்ரைதான், அடுத்தமுறை வரேக்கை எழுதிப்போட்டுத்தான் போவன்" என்று சொன்னான். அதை என் காதாலும் கேட்டேன். நம்ப நட, நம்பி நடவாதே என்பார்கள். அவள் நம்பி நடந்தாள். இருபது வருசத்துக்கு மேல் அந்த வீட்டைக் கூட்டி, ஓடு மாற்றி, வேலி அடைத்து, கிணறு இறைத்து வைத்திருந்தாள். எல்லாம் தன் வீடென்ற நினைப்பில்தான் செய்தாள்.

போன பங்குனியில் தமையன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். மகள் கோபிகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் தகப்பன் பிறந்த வீட்டைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். தனக்கு இங்கிலீஸ் அவ்வளவாக வராது, அறை, கிணறு, வளவு எல்லாவற்றையும் அளவோடு வடிவாக எழுதி அனுப்பு என்றான். தக்சாயினிக்குச் சந்தோசத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை. மருமகளை அவள் போன் திரையில் மட்டுமே கண்டிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்குத் தமிழும் வராது, இவளுடைய இங்கிலீஸ் என்றால் விளங்கும்.

கடையில் அளக்கிற ரேப்பை வாங்கிக்கொண்டு போனாள். ஒரு தலைப்பைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் இழுத்துப் போனாள். ஓமோம், அந்த வீட்டை அளந்த கையில் ஒன்று என்னுடையது.

அவள் எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். சுவர் திக், அதனால் பங்குனி வெயிலிலும் உள்ளே குளிர். கிணறு டீப் என்று எழுதிவிட்டு, அதோடு விட மனமில்லாமல், கிணற்றின் ஆழம் மாறாது, மார்கழியில் தண்ணீர் கையெட்டும் வரைக்கும் ஏறி வரும், ஆவணியில் கயிறு முழுவதும் வேண்டும் என்று சேர்த்தாள். ஒழுங்கையை வெறுமனே நரோ என்றால் குறை சொல்வது போலிருக்குமாம். எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒருவர் காலூன்றி நின்று சுகம் விசாரித்துவிட்டுத்தான் போகலாம், அவ்வளவு அகலம் என்று எழுதினாள். பனைக்கு டோல். கூரைக்கு ஹை. பின்னறை சிறியது, அதில் உன் மாமியாகிய நான் படுக்கிறேன், ஜன்னலால் முருங்கை மரம் தெரியும் என்று ஒரு வரி. அவள் எங்கள் சாமான்களுக்கு எத்தனையோ எழுதியிருக்கிறாள், ஆனால் இப்படி எழுதி நான் கண்டதில்லை. மேலே தலைப்பு, "என் அண்ணனின் வீடு".

"ஏன் பிள்ளை, இது உன்ரை வீடெல்லோ?" என்றேன்.

"பிள்ளைக்குத் தன்ரை தகப்பன்ரை வீடெண்டால்தானே அக்கா பெருமை. இருக்கட்டும்."

அனுப்பினாள். நல்லாயிருக்கு என்று தமையன் பதில் போட்டான். பிள்ளை என்ன சொன்னாள், ரீச்சர் என்ன சொன்னா என்று இவள் இரண்டு மூன்று தரம் கேட்டாள். பிறகு சொல்லுகிறேன் என்றான்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், புதிதாக வந்த கதவின் படங்களைக் காட்ட நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் படலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. வயதான மனிதர், மரியாதையான தோற்றம். தில்லைநாதன் என்று பெயர் சொன்னார். கையில் அச்சடித்த இரண்டு தாள்.

"சுவிசிலை இருக்கிற என்ரை மருமகன் இந்த வீட்டை வாங்கியிருக்கிறார். ஒருக்கால் பாத்துப் படமெடுத்து அனுப்பச் சொன்னவர்" என்றார்.

வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்று நான் சொன்னேன். அவர் தாளைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், பனையைப் பார்த்தார்.

"இல்லைப் பிள்ளை, இதுதான். எழுதினது எழுதினபடியே கிடக்கு. ஆர் எழுதினதோ தெரியாது, வாசிக்கேக்கை வீட்டுக்குள்ளை நடந்துபோனமாதிரி இருந்துது. அதை வாசிச்சுப்போட்டுத்தான் மருமகன் வேறை இடம் பாக்கிறதையே விட்டவர்" என்று சொல்லிவிட்டுத் தக்சாயினியின் பக்கம் திரும்பினார். "நீங்கள் வாடகைக்கோ இருக்கிறியள்?"

தக்சாயினி கையை நீட்டித் தாளை வாங்கினாள். நானும் எட்டிப் பார்த்தேன். சுவர், கிணறு, ஒழுங்கை, பனை எல்லாம் அவள் எழுதியபடியே இருந்தன. தலைப்பு இல்லை. பின்னறையில் மாமி படுக்கிறாள் என்ற வரியும் இல்லை. பின்னறை சிறியது, முருங்கை மரம் தெரியும் என்று இரண்டு முனையையும் பிடித்து ஒட்டியிருந்தார்கள்.

வீட்டுக்காரர் கனடாவிலிருந்தே, தனக்காகக் கையெழுத்து வைக்க யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு அற்றோனித் தத்துவம் கொடுத்து, போன மாதமே உறுதி முடித்தாயிற்று என்று தில்லைநாதன் சொன்னார். எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்த மனிதருக்கு ஏதோ பிழை என்று விளங்கியது. படமெடுக்காமலே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

தக்சாயினி தமையனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. செய்தி போட்டாள். பார்த்துவிட்டான் என்று நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. அவன் என் கைக்கு அகப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இங்கே எழுத முடியாது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள், அவனுக்கு எது ஆடியது?

சனிக்கிழமை நான்தான் அவளைப் பருத்தித்துறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சுவர்ணா என்ற சட்டத்தரணி, எனக்குத் தெரிந்த பிள்ளை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்கள் அந்த வீட்டிலை அண்ணன்ரை விருப்பத்தோடை இருந்தனீங்களோ, இல்லாட்டில் இது என்ரை வீடெண்டு அவருக்கு எதிரா இருந்தனீங்களோ?"

"இதென்ன கேள்வி? அண்ணாவோடை எனக்கென்ன எதிர்ப்பு?" என்றாள் தக்சாயினி.

சுவர்ணா விளங்கப்படுத்தினாள். ஒருவர் பத்து வருசத்துக்கு மேல் ஒரு வீட்டைத் தன்னுடையது என்று, உரிமைக்காரருக்கு எதிராகவே ஆண்டு வந்திருந்தால், நீதிமன்றம் அவர் பக்கம் நிற்க வழியிருக்கிறது. பாசத்தில், அவர் விட்டார் நான் இருந்தேன் என்றால் அது எத்தனை வருசமானாலும் கணக்கில் வராது. பந்தியில் சொன்ன வாக்கும் செல்லாது, காணிக்கு எழுத்து வேண்டும். நம்பி இருந்தவளுக்கு ஒன்றுமில்லை, சண்டை பிடித்தவளுக்கு வீடு. இதைக் கேட்டபோது சட்டத்தின் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

பிறகு தக்சாயினியின் போனில் அவள் தமையனுக்கு அனுப்பியதைப் பார்த்த சுவர்ணா கண்ணாடியைக் கழற்றினாள்.

"என் அண்ணனின் வீடு. இதை நீங்களோ எழுதினனீங்கள்?"

"ஓம்."

"வீடு அண்ணன்ரை எண்டு நீங்களே எழுதிக் குடுத்தமாதிரியெல்லோ கிடக்கு. எதிர்ப்பக்கம் முதல் இதைத்தான் தூக்கும்." கண்ணாடியைத் திரும்பப் போட்டாள். "பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதினது, இது உரிமையைப் பற்றின எழுத்தில்லை எண்டு நான் வாதாடிப் பாக்கலாம். ஆனால் அதுக்கு நீங்கள் சத்தியக்கடதாசி தரவேணும். இவ்வளவு காலமும் அண்ணனுக்கு எதிராத்தான் அந்த வீட்டை வைச்சிருந்தனான் எண்டு. பொய் சொல்லுங்கோ எண்டு நான் சொல்லேல்லை. யோசிச்சுத் திங்கக்கிழமை வாங்கோ."

வெளியே வந்ததும் நான் சொன்னேன், எழுதிக் கொடு பிள்ளை, வெள்ளம் தலைக்கு மேல் போனபிறகு சாண் என்ன முழம் என்ன. அவள் பஸ் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் எங்கள் வீட்டில் இருக்கும்போதுதான் தமையன் தானாகக் கனடாவிலிருந்து போன் எடுத்தான். போனை மேசையில் வைத்து எங்களுக்கும் கேட்கவிட்டாள். அவன் பாட்டுக்குக் கதைத்தான். இங்கே வேலை போய்விட்டது, இருக்கிற வீடும் கைவிட்டுப் போகப் பார்க்கிறது, நான் வேறென்ன செய்ய, உன்னை நடுத்தெருவில் விடுவேனா, ஓர் இடம் பார்த்துத் தருவேன். என் மனுசன் எழும்பி வெளியே போய்விட்டார், இருந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்ற பயத்தில்.

 அவன் முடித்த பிறகு தக்சாயினி கேட்டாள்.

"அண்ணா, என்னை எழுதச் சொல்லேக்கையே விக்கிறதெண்டு முடிவெடுத்திட்டியளோ?"

மறுமுனையில் அவன் கதவொன்றைச் சாத்துவது கேட்டது.

"சொல்லுங்கோ அண்ணா."

"வீடு விக்கிற ஏஜன்சிக்காரன் எழுதினதுக்கு ஒருத்தரும் மறுமொழி தரேல்லைத் தங்கச்சி. நீ எழுதினால் நல்லா வருமெண்டு தெரியும். அதுதான்..."

"கோபிகாவின்ரை பள்ளிக்கூடம்?"

"அவளுக்கு உதொண்டும் தெரியாது."

"அவள் அதை வாசிக்கவே இல்லையோ?"

"இல்லை."

வீடு போன செய்திக்கு அழாதவள் அப்போதுதான் அழுதாள். சத்தம் போடாமல், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.  பிறகு இன்னும் ஒன்று கேட்டாள்.

"நான் பின்னறையிலை படுக்கிறனான் எண்டு எழுதின வரியை ஆர் எடுத்தது?"

"அது... ஆள் இருக்கிற வீடெண்டால் வாங்கிறவை யோசிப்பினமெல்லே."

தக்சாயினி போனை நிற்பாட்டினாள். அவன் திரும்ப எடுத்தான், அவள் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை பருத்தித்துறைக்குப் போனோம். பஸ்ஸில் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனேன். உறுதி கேட்டுச் சண்டை பிடித்தேன் என்று சொல், தமையனோடு பேச்சுவார்த்தையே இல்லை என்று சொல், நானும் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். வேதக்காரி நான், சத்தியம் பண்ணிப் பொய் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்கும் தெரியும். அவளுக்காகச் செய்யத்தான் இருந்தேன்.

சுவர்ணா கடதாசியை எடுத்து வைத்தாள். "யோசிச்சிட்டீங்களோ?"

"ஓம். எழுதுங்கோ. அவர் எனக்கு எதிரி. அந்த வீட்டை நான் அவருக்கு எதிராத்தான் வைச்சிருக்கிறன்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. சுவர்ணா தலையாட்டி எழுதத் தொடங்கினாள்.

"எந்த வருசத்திலையிருந்து எண்டு போடுவம்? அம்மா செத்த வருசத்திலையிருந்தோ?"

"இல்லை. நேற்றையிலையிருந்து எண்டு போடுங்கோ."

சுவர்ணா பேனையை நிறுத்தி நிமிர்ந்தாள். நான் தக்சாயினியின் கையைப் பிடித்து நெரித்தேன், பேசாமல் இரு என்று. அவள் கையை இழுக்கவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை.

"அப்பிடி எழுதினால் வழக்கு நிக்காது தக்சாயினி. வீடு போயிடும்."

"தெரியும்" என்றாள். "ஆனா முந்தாநாள் வரைக்கும் நான் அவரை நம்பித்தானே இருந்தனான்."